கூட்டத்துக்கு முன் ஒரு நடை

போன வாரம் நித்யா தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வுபெற்ற ஒன்றிய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் துணை வட்டார வளர்ச்சி அலுவலர். ஓய்வுபெற்றவனை அலுவலகம் இரண்டே சமயங்களில் நினைக்கும். ஒன்று, பழைய கோப்பு கிடைக்காதபோது. மற்றொன்று, தணிக்கைக்காரர்கள் வந்து உட்கார்ந்திருக்கும்போது. இது இரண்டாவது.

"சார், மாசக் கூட்டத்துக்கு முன்னாடி கவுன்சிலர்ங்க எல்லாரும் ஒரு எடத்துக்கு நடந்து போய்ப் பாக்குறாங்கல்ல, அது எந்த ரூல்ல வருதுன்னு ஆடிட்ல கேக்குறாங்க. நானும் தேடிட்டேன். உங்களுக்குத்தான் எல்லா ரூலும் தெரியும்னு சொன்னாங்க."

எல்லா விதியும் தெரிந்தவன் என்பது பாராட்டா புகாரா என்பது பணியில் இருந்த காலம் முழுக்க எனக்கு விளங்கியதில்லை. நாளை சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. பதிலைச் சொல்ல வேண்டுமென்றால் கஜேந்திரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தொலைபேசியில் முடிகிற காரியமல்ல.

நான் வரலாற்றில் முதுகலை படித்துவிட்டு இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவன். பயிற்சியில் ஒரு கோப்பை எப்படி நகர்த்துவது என்று கற்பித்தார்கள். அதற்குத் தேர்வும் வைத்தார்கள். எப்படி நகராமல் வைப்பது என்பதை யாரும் கற்பிக்கவில்லை. அது தானாக வந்துவிட்டது. ஊர் ஊராக மாறி, பதவி பதவியாக ஏறி, ஒரகடம் பக்கம் வந்து சேர்ந்தபோது நெல்வயல்களுக்கு நடுவே தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. வயலுக்கு ஒரு சட்டம், ஆலைக்கு ஒரு சட்டம். இரண்டுக்கும் நடுவில் இருந்த வரப்புக்குச் சட்டமே இல்லை. என் பிழைப்பு அந்த வரப்பில்தான் நடந்தது.

கஜேந்திரன் முதலில் என் மேசைக்கு ஒரு மனுவோடு வந்தார். மணிமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பம். இளவயதில் படையில் சேர்ந்து, பனியிலும் மணலிலும் காலம் கழித்து, சுபேதாராக ஓய்வுபெற்றுத் திரும்பியபோது குடும்ப நிலத்தில் ஒரு பகுதி தொழிற்பேட்டைக்குப் போயிருந்தது. மிச்சத்தில் நெல் போட்டார். பென்ஷன் வருகிறதே, எதற்குச் சேற்றில் இறங்குகிறாய் என்று உறவுக்காரர்கள் கேட்டதற்கு, "காலைல எழுந்தா போறதுக்கு ஒரு எடம் வேணும்ல" என்றாராம். அவருடைய ஊர் ஏரியின் மதகில் திருகு உடைந்திருந்தது. அதைச் சரிசெய்யச் சொல்லி மனு.

மதகு எங்கள் துறையில் வராது என்றேன். எந்தத் துறை என்று கேட்டார், சொன்னேன். அங்கே போனால் உங்களிடம் வரச் சொல்கிறார்களே என்றார். அப்படியானால் உங்கள் உறுப்பினர் மூலமாக வாருங்கள் என்றேன். மனுதாரரை அனுப்பிவைக்க அதைவிட மரியாதையான வாசகம் எங்கள் கைவசம் இல்லை.

"நானே மெம்பரா வந்தா?"

"தாராளமா வாங்க. தேர்தல்ல நில்லுங்க."

அவர் எழுந்து, நேராக நின்று, எனக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார். கேலி என்றே நினைத்தேன். அடுத்த தேர்தலில் வார்டு உறுப்பினராக வந்து அதே மனுவை மறுபடி என் மேசையில் வைத்தார். பிறகு ஊராட்சித் தலைவரானார். கட்சி ஒன்று அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் கட்சியில் சேர்ந்தாரா என்பது வேறு விஷயம். நான் வட்டார வளர்ச்சி அலுவலராக ஆன சமயம் அவர் ஒன்றியக் குழுத் தலைவராகி எதிர் அறைக்கு வந்துவிட்டார். அவர் அரசியலுக்கு வந்ததற்கு ஒரு மதகுத் திருகும் நானும்தான் காரணம். திருகைப் பிற்பாடு மாற்றிவிட்டார்கள்.

ஊரில் அவரை 'மிலிட்டரி' என்பார்கள். அலுவலகம் பெருக்குகிறவர் வருவதற்கு முன்பே வந்துவிடுவார். காலில் பளபளக்கும் கறுப்பு ஷூ. கோப்பை நின்றுகொண்டேதான் படிப்பார். உட்கார்ந்தால் எழுத்து மங்குகிறது என்பார். படித்து முடித்ததும் கேள்வி ஒன்றுதான்.

"போய்ப் பாத்தீங்களா, பி.டி.ஓ. சார்?"

பொறியாளர் பார்த்தார், மேற்பார்வையாளர் பார்த்தார், குறிப்பு இணைக்கப்பட்டுள்ளது என்று நான் சொன்னால், கோப்பை மூடி, ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளுவார். கோபமெல்லாம் இல்லை. அந்த விரல் திரும்பி மேசை ஓரத்துக்குப் போய் ஓய்வெடுக்கும். அவ்வளவுதான். என் பணிக்காலத்தில் கத்துகிற மேலதிகாரிகளிடம் நான் பயந்ததே இல்லை. அந்த விரலுக்குப் பயந்தேன்.

அப்படித்தான் நடை வந்தது. ஒவ்வொரு மாதக் கூட்டத்துக்கு முன்பும், நிகழ்ச்சி நிரலில் உள்ள வேலைகளில் ஒன்றை உறுப்பினர்கள் எல்லோரும் நடந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் கூட்டம். விதிகளில் இதற்கு இடமில்லை என்று நான் எடுத்துச் சொன்னேன்.

"தடை இருக்கா?"

"தடையும் இல்ல, சேர்மன் சார்."

"அப்போ நடங்க."

உறுப்பினர்கள் முகம் சுளித்தார்கள். சரோஜா என்ற பெண் உறுப்பினர் முட்டி வலி என்று மருத்துவச் சான்றே கொண்டுவந்தார். துணைத் தலைவர் தணிகாசலம் மட்டும் வாய்விட்டே கேட்பார். நல்ல உயரம், வெள்ளை வேட்டி, கேலி நிறைந்த வாய்.

"ஏம்பா மிலிட்டரி, கார்ல போனா பள்ளம் தெரியாதா இன்னா?"

"கார்ல போனா பள்ளம் வண்டிக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. செருப்ப வுட்டுட்டு ஷூ போட்டுக்குனு வா."

"வேட்டிக்கு ஷூவா? என் சம்சாரம் வூட்ல சேக்க மாட்டா."

தணிகாசலம் கடைசிவரை செருப்போடுதான் வந்தார். அதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார்.

இனி அந்த வாய்க்கால் விவகாரம். ஒரகடம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு ஊர். பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் மோர் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன. ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து, ஒரு வாய்க்காலில் ஓடி, அடுத்த ஏரிக்குப் போக வேண்டும். அந்த வாய்க்காலைக் கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கி, ரோட்டுக்கு அடியில் ஒரு சின்னக் குழாயை மட்டும் புதைத்துவிட்டு, மேட்டுக்குக் குறுக்கே மதில் எழுப்பி, பின்னால் பள்ளத்தில் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார் ஒருவர். அவர் தணிகாசலத்தின் மச்சான். அறைகளில் இருந்தவர்கள் தெற்கேயிருந்து ஆலை வேலைக்கு வந்த பெண்கள்.

ஓர் ஆடி மாத நடையில் அங்கே போனோம். ஷிஃப்ட் முடிந்து வந்த ஒரு பெண் கதவைத் திறந்துகொண்டிருந்தார். பேச்சியம்மாள் என்று பெயர், தென்காசிப் பக்கம். கார் கண்ணாடி செய்கிற ஆலையில் வேலை. சுவரில் இடுப்புயரத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடியது. அதென்ன என்று கஜேந்திரன் கேட்டார்.

"போன மழைக்குத் தண்ணி நின்ன தடம், அண்ணாச்சி. கட்டில் மேல கட்டிலப் போட்டு உக்காந்திருந்தோம். எங்க கூட ஒரு புள்ள, பல்லாரி வெங்காய மூட்டையோட மெதந்து போச்சுன்னு வைங்களேன், பிடிச்சு இழுத்தோம்." சிரித்துக்கொண்டே சொன்னார். கஜேந்திரன் சிரிக்கவில்லை. அந்தக் கோட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தார்.

வெளியே வந்ததும், அறைப் பக்கமே வராமல் ரோட்டில் நின்றிருந்த தணிகாசலம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "மிலிட்டரி, இவங்க யாருக்கும் இங்க ஓட்டு கெடையாது. எல்லாம் தெக்க கீது. இவங்களுக்காக எதுக்கு நம்ம ஆளுங்கள பகைச்சிக்கிற?"

"நான் வேல பாத்த ஊருங்கள்ல எனக்கும்தான் ஓட்டு இல்ல. ஒரு வெள்ளத்துல அந்த ஊர்க்காரங்கதான் என் பெட்டியத் தலைல தூக்கிக்கினு போனாங்க. ஓட்டு எங்கன்னு எவனும் கேக்கல."

வாய்க்காலைத் திறப்பது எளிதல்ல. கலங்கல் ஒரு துறை, வாய்க்கால் புறம்போக்கு ஒரு துறை, ரோடு ஒரு துறை, ரோட்டோரம் எங்கள் ஒன்றியம். இப்படிப்பட்ட ஒரு விவகாரத்தை நான்கு அலுவலகங்களும் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதியே ஒரு தலைமுறை ஓட்டலாம், ஓட்டியிருக்கிறோம். கஜேந்திரன் மூன்று மாதம் அலைந்து, நால்வரையும் ஒரே காலையில், ஒரே இடத்தில், வரிசையாக நிற்கவைத்தார். தன் டிராக்டரில் ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடி கொண்டுவந்திருந்தார்.

"உங்களுது எதுவரைக்கும் சாப்? அங்க கோடு போடுங்க."

கபடிக்குக் களம் போடுவதுபோல் ஒவ்வொரு அதிகாரியும் குனிந்து கோடு போட்டார்கள். ஒவ்வொருவரும் தன் எல்லையை முடிந்தவரை பின்னுக்கு இழுத்தார்கள். தாளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்த எல்லைகள் தரைக்கு வந்ததும் விலகிக்கொண்டன. கடைசியில் நடுவில் ஒரு துண்டு யாருக்கும் சொந்தமில்லாமல் நின்றது. குழாய் புதைந்திருந்தது அதில்தான். மதில் ஏறியிருந்ததும் அதில்தான்.

"யாருதும் இல்லன்னா நம்மளுது. எழுதிக்கோங்க பி.டி.ஓ. சார்," என்றார்.

எழுதினேன். மதிலை இடித்து, இடிபாட்டை அள்ளி, குழாயை எடுத்துவிட்டு அகலமான பாலம் கட்டுவது என்று தீர்மான வரைவு. நான்கு துறைகளின் சம்மதமும் இணைப்பில். குழு ஒப்புதல் ஒன்றுதான் பாக்கி.

அந்தக் கூட்டத்துக்கு முன்பே தணிகாசலம் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொடுத்துவிட்டார். தலைவர் உறுப்பினர்களை அவமதிக்கிறார், வெயிலில் நடக்கவைக்கிறார் என்று காரணம். உண்மையான காரணம் மதில் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தத் தீர்மானத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதாது. அதற்கும் மேலே வேண்டும். அவர்களிடம் அது இருந்தது. கஜேந்திரன் போனால் தணிகாசலம் பொறுப்புத் தலைவர்; வாய்க்கால் கோப்பு நிம்மதியாகத் தூங்கும். கார்த்திகை மழையோ தொடங்கியிருந்தது.

இப்படிப்பட்ட நேரங்களில் உறுப்பினர்களை ஓரிடத்தில் பத்திரப்படுத்துவது நம் அரசியல் வழக்கம். தணிகாசலமும் அவர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கவைத்து, பிரியாணி போட்டு, சீட்டுக்கட்டு வாங்கிக் கொடுத்துக் காத்தார். மண்டபமும் அவர் மச்சானுடையதுதான். அதிலிருந்து ஒன்றிய அலுவலகத்துக்கு வர ஒரே ரோடு. அந்த ரோடு, மச்சான் அடைத்த வாய்க்காலைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். இதை அவர் யோசிக்கவில்லை. மச்சான்களை நம்புகிறவர்கள் வரைபடம் பார்ப்பதில்லை.

கூட்டத்தன்று விடிந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது; ஏரி கலங்கலில் வழிந்துகொண்டிருந்தது. வெள்ளப் பணி என்பதால் நான் அங்கே போனேன். எனக்கு முன்பே கஜேந்திரன் போயிருந்தார். ரோட்டில் முட்டிக்கு மேல் தண்ணீர். பள்ளத்து அறைகளில் இடுப்புக்கு. டிராக்டரை இறக்கி, டிரெய்லரில் பெண்களையும் அவர்களுடைய சாமான்களையும் ஏற்றி, ஒன்றிய அலுவலகத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி நடைக்காக டிரெய்லரைத் திருப்பிய நேரத்தில் எதிர்க்கரையில் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே தணிகாசலமும் பத்திரப்படுத்தப்பட்ட உறுப்பினர்களும். ஓட்டுநர் தண்ணீரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேன் நகராது.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு கஜேந்திரன் பக்கத்தில் போய், எனக்குத் தெரிந்த விதியை மெல்லச் சொன்னேன். கோட்டாட்சியர் குறித்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். கொஞ்ச நேரத்துக்குள் போதிய உறுப்பினர்கள் வராவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். தீர்மானமும் போய்விடும். மறுபடி கொண்டுவர நெடுநாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் பாலமே கட்டிவிடலாம்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், சேர்மன் சார். பொண்ணுங்கள ஏத்திக்கினு நேரா போயிடுங்க. அது போதும்."

அவர் என்னைப் பார்த்தார். கையில் கோப்பு இருந்திருந்தால் அந்த விரலால் தள்ளியிருப்பார்.

"ஓட்டு போட வந்தவன ரோட்ல நிறுத்திட்டு ஜெயிச்சா, அது இன்னா ஜெயிப்பு?" என்றவர் எதிர்க்கரைக்குக் குரல் கொடுத்தார். "தணிகா, வேன வுட்டுட்டு எறங்கு. டிரெய்லர்ல ஏறுங்க எல்லாரும். டைம் ஆவுது."

தணிகாசலம் நம்பவில்லை. "தண்ணில தள்ளிட மாட்டியே?"

"தள்ளணும்னா நடக்க வச்சே தள்ளியிருப்பேன். வா."

டிராக்டரை எதிர்க்கரை ஓரம் கொண்டுபோய் நிறுத்தினார்; நானும் தொற்றிக்கொண்டேன். அவர்கள் வேட்டியையும் சேலையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். ஏறும்போது தணிகாசலத்தின் செருப்பு இரண்டும் தண்ணீரோடு போய்விட்டன. அந்தச் செருப்பு குழாய் வாயை நோக்கிப் போய், அங்கே நுழைய முடியாமல் சுற்றிச் சுற்றி வந்ததை டிரெய்லரில் இருந்த எல்லோரும் பார்த்தோம்.

டிரெய்லரில் பேச்சியம்மாளும் இன்னும் சில பெண்களும் இருந்தார்கள். குக்கர், மின்சார அடுப்பு, டிரங்குப் பெட்டி. தணிகாசலம் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி இருங்க. உங்க வேட்டித் தண்ணி அடுப்புல சொட்டுது," என்றார் பேச்சியம்மாள்.

அவர் தள்ளி உட்கார்ந்தார்.

"நீங்க ஆபீஸ்லேந்து எங்களக் கூட்டிட்டுப் போக வந்தவங்களா?"

தணிகாசலம் வேட்டி நுனியைப் பிழிந்தார். சரோஜா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

"எங்க ரூம் ஓனரு யாரோ பெரிய கவுன்சிலருக்குச் சொந்தமாம். வாடகை வாங்க மட்டும் ஒண்ணாந் தேதி கரெக்டா வந்துருவாவ. மழைக்கு வர மாட்டாவ. உங்களுக்கு அவங்களத் தெரியுமா அண்ணாச்சி? தெரிஞ்சா ஒரு வார்த்த சொல்லுங்க. அந்த மதில மட்டும் எடுத்துட்டா தண்ணி அது பாட்டுக்குப் போயிரும். வாடக வேணும்னா கூடக் கொஞ்சம் வாங்கிக்கிடட்டும்."

கஜேந்திரன் திரும்பிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்றேன்மா," என்றார் தணிகாசலம்.

கூட்டம் குறித்த நேரத்தில் தொடங்கியது. கோட்டாட்சியர் தீர்மானத்தை வாசித்தார். நனைந்த உறுப்பினர்கள் மின்விசிறிக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்தார்கள். முன்மொழிந்தவர் பேசலாம் என்றார். தணிகாசலம் வெறுங்காலோடு எழுந்து நின்றார். எழுதிவைத்திருந்த பேச்சு சட்டைப் பையில் ஊறிக் கூழாகியிருந்தது. "அய்யா படிச்சதுதான், வேற ஒண்ணும் இல்ல," என்று உட்கார்ந்துவிட்டார்.

கை தூக்கச் சொன்னார்கள். தணிகாசலம் தூக்கினார், கொண்டுவந்த தீர்மானத்தைத் தானே கைவிடுகிற ஆள் அவர் இல்லை. அவருக்கு நெருங்கிய சிலரும் தூக்கினார்கள். சரோஜாவின் கை மடியிலேயே இருந்தது. பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தார்.

"இன்னாத்துக்கு இடிக்கிற? முட்டி வலி எனக்கு, கையும் தூக்க முடியல," என்றார் சரோஜா, அறை முழுக்கக் கேட்கும்படி. சிரிப்பு எழுந்தது. அவருக்குப் பின்னால் இருந்தவர்களுக்கும் கை வலி வந்துவிட்டது. தீர்மானம் தோற்றது.

நான் அன்று எதிர்பார்த்தது அவ்வளவுதான். ஆனால் அடுத்த மாதக் கூட்டத்தில், வாய்க்கால் தீர்மானத்தை வழிமொழிய யார் என்று கேட்டபோது, தணிகாசலம் எழுந்தார். "மச்சான் கிட்ட பேசிட்டேன். மதில அவனே எடுத்துடறான். பாலத்த அடுத்த மழைக்குள்ள முடிங்க," என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. என் பணிக்காலத்தில் மேடைகளில் கொடுத்த வாக்குறுதிகள் ஏராளம் கேட்டிருக்கிறேன். சொன்னபடி நிறைவேறி நான் கண்ணால் பார்த்தது, தன்னை யாரென்று தெரியாத ஒரு பெண்ணிடம் டிரெய்லரில் வைத்துக் கொடுத்த அந்த ஒன்றைத்தான்.

பாலம் வந்தது. பிறகு வந்த மழைக்கு நான் குடை பிடித்துக்கொண்டு போய் நின்று பார்த்தேன். இதற்கு அரசாணை எதுவும் தேவைப்படவில்லை. தண்ணீர் பழுப்பாக, அவசரமாக, பாலத்துக்கு அடியில் அடுத்த ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. மேலே ஷிஃப்ட்டுக்குப் போகிற பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்காக நனையாத காலோடு நின்றிருந்தார்கள். பேச்சியம்மாள் இப்போது அங்கே இல்லை. லைன் லீடர் ஆகி, கல்யாணமும் ஆகி, தண்டலம் பக்கம் வீடெடுத்துப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சுவரில் அந்தக் கோட்டுக்கு மேல் வெள்ளையடித்திருந்தார்கள்.

கஜேந்திரன் அதற்குப் பிறகு தேர்தலில் நிற்கவில்லை. முடிந்தது, வயலைப் பார்க்கணும் என்றார். நித்யா கேட்ட மறுநாள் காலை, பதில் சொல்வதற்கு முன் அவரைப் போய்ப் பார்த்தேன். நாற்றங்காலில் இறங்கியிருந்தார். தணிக்கையில் நடைக்கு விதி கேட்கிறார்கள் என்றேன். நிமிராமலே கேட்டார்:

"இப்பவும் நடக்குறாங்களா?"

அது எனக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது. வரப்பில் நின்றபடியே நித்யாவை அழைத்தேன்.

"நடக்குறாங்க சார். இன்னிக்குக்கூட சேரப்பணஞ்சேரி போறோம். நான் கார் சொல்லட்டுமான்னு கேட்டதுக்குத் தலைவர் திட்டிட்டாரு. கார்ல போனா பள்ளம் வண்டிக்குத்தான் தெரியுமாம்."

இப்போதைய தலைவர் தணிகாசலம்.

"தணிக்கைக்கு இப்படி எழுதுங்க," என்றேன். "இதற்கு விதி ஏதும் இல்லை. தடையும் இல்லை. தொடர்ந்து நடைபெற்று வருகிறது."

"அவ்வளவுதானா சார்?"

சேற்றிலிருந்து கஜேந்திரன் கையைக் காட்டினார். "கால்ல இன்னா போட்டுக்குனு வரான்னு கேளுங்க."

கேட்டேன். நித்யா சிரித்தார்.

"ஷூ சார். ஆனா வேட்டிக்குக் கொஞ்சங்கூட நல்லா இல்ல."

அதை அப்படியே சொன்னேன். கஜேந்திரன் தலையசைத்துவிட்டுக் குனிந்து அடுத்த நாற்றுமுடியை எடுத்தார்.